கொதிநீரும் சுழல்காற்றும்

பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட் விஷயத்தில் ஊரே ஒரு தீர்ப்பை எழுதி முடித்துவிட்டது. இங்கிலாந்தின் கிறிஸ்துமஸ் விருந்தில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிய அந்தக் குட்டிக்கோஸின் கசப்புக்கும் நாற்றத்துக்கும் கொதிநீர்ப் பாத்திரமே காரணம். அதை மொறுமொறுப்பாக்கி மீட்டெடுத்தது ஏர் ஃப்ரையர். சமையல் குறிப்புகள் பலவும் இந்தக் கதையைத்தான் சொல்கின்றன. கதை முழுப் பொய்யுமல்ல. ஆனால் இரண்டு கருவிகளையும் அருகருகே வைத்து, ஒவ்வொன்றும் ஸ்ப்ரவுட்டுக்குள் என்ன செய்கிறது என்று பார்த்தால், பாத்திரத்தின் மீதான குற்றப்பத்திரிகையில் சில பக்கங்களைக் கிழித்துவிட வேண்டியிருக்கும். ஏர் ஃப்ரையருக்கான பாராட்டிலும் ஒரு பங்கை வேறொருவருக்குப் பிரித்துத் தர நேரும்.

நேரத்திலிருந்து தொடங்குவோம். எலைசா ஆக்டன் 1845-இல் வெளியிட்ட சமையல் நூலில், உப்பிட்ட நீரில் ஸ்ப்ரவுட்டை 8 முதல் 10 நிமிடம் வேகமாகக் கொதிக்கவிடச் சொல்கிறார். பிறகு வடித்து, வெண்ணெய் தடவிய ரொட்டியின்மேல் வைத்துப் பரிமாற வேண்டும். இன்றைய ஏர் ஃப்ரையரிலோ, பாதியாக நறுக்கிய ஸ்ப்ரவுட்டுக்கு 180 அல்லது 190 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம் ஆகிறது. அவசர யுகத்தின் கருவி, விக்டோரியா காலத்துப் பாத்திரத்தைவிட மெதுவானது! காரணம் எளியது. சூடான ‘அவன்’ அடுப்புக்குள் கையை நீட்டி ஒரு நொடியில் இழுத்துக்கொள்ளலாம். கொதிக்கும் நீரில் அது நடக்காது. காற்றிடம் வெப்பநிலை அதிகம், கொடுக்கும் மனம் குறைவு. நீரிடம் வெப்பநிலை குறைவு, கொடை அதிகம். ஏர் ஃப்ரையரின் விசிறி இருப்பதே காற்றின் இந்தக் கஞ்சத்தனத்தை ஓரளவு ஈடுகட்டத்தான். ஆக, அரை மணி நேரம் கொதிக்கவிட்டுக் கூழாக்கிய பழக்கம் பாத்திரத்தின் இயல்பில் வந்ததல்ல. கடிகாரத்தைப் பார்க்காத கைகளின் பழக்கம் அது.

இரண்டுக்கும் இடையிலான பெரிய வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. கொதிநீர் 100 டிகிரியைத் தாண்டாது. காய்கறியின் சர்க்கரையும் அமினோ அமிலமும் கூடிப் பொன்னிறமும் வறுத்த மணமும் தருவதற்கு ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். எனவே பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கிடந்தாலும் ஸ்ப்ரவுட் சிவக்காது. ஏர் ஃப்ரையரின் கூடையில் சுழல்காற்று மேற்புற ஈரத்தை விரட்டுகிறது. ஈரம் போன இலை 100 டிகிரி என்ற வேலியைத் தாண்டிச் சிவக்கிறது. பாத்திரம் நீரால் சூழ்ந்து சமைக்கிறது; கூடை நீரைத் துரத்திச் சமைக்கிறது. எதிரெதிர்த் துருவங்கள் என்றே தோன்றும்.

தோற்றத்தோடு நிற்காமல் ஸ்ப்ரவுட்டின் நடுவுக்குப் போவோம். அதன் எடையில் 85 விழுக்காட்டுக்கு மேல் நீர். அந்த நீர் இருக்கும்வரை நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்ட முடியாது, வெளியே காற்று 190-இல் அடித்தாலும். வெளி இலைகள் கருகத் தொடங்கும் அதே வேளையில் உள்ளே ஸ்ப்ரவுட் தன் சொந்த ஈரத்தின் ஆவியில் வெந்துகொண்டிருக்கிறது. அதாவது ஏர் ஃப்ரையரில் வைத்த ஒவ்வொரு ஸ்ப்ரவுட்டின் நடுவிலும் ஒரு சிறிய ஆவிப் பாத்திரம் வேலை செய்கிறது. நாம் வியக்கும் வேறுபாடெல்லாம் வெளிப்புறத்து இரண்டு மூன்று இலைகளிலும் நறுக்கிய முகத்திலும் நடப்பதுதான். கழன்று விழும் இலைகள்தான் முதலில் சிவந்து அப்பளம்போல் நொறுங்குகின்றன. என் கணிப்பில் அந்த உதிரி இலைகளே கூடையின் ஆகச் சிறந்த விளைச்சல். அவற்றைக் குப்பையில் போடச் சொல்லும் குறிப்புகளை நம்ப வேண்டாம்.

இரண்டு கருவிகளின் உறவு இதோடு நிற்கவில்லை. கூடையை வாய்வரை நிரப்பிப் பாருங்கள். காற்று நுழைய இடமின்றி, ஸ்ப்ரவுட்டுகள் விடும் ஆவி அங்கேயே தேங்கி, பதினைந்து நிமிடம் கழித்துத் துவண்ட, வெளிறிய காய்தான் கிடைக்கும். பாத்திரத்தைக் கொஞ்ச நீரோடு வாய்வரை நிரப்பினாலும் ஏறக்குறைய இதே கதி: கொதி அடங்கி, மீண்டும் எழ நேரமாகி, அதற்குள் பச்சை மங்கிவிடும். நெரிசல் இரண்டுக்கும் பொது எதிரி. நெரிந்த கூடை தன் தனித்தன்மையை இழந்து மட்டமான பாத்திரமாகிவிடுகிறது. கழுவிய ஈரத்தைத் துடைக்காமல் போட்டாலும் அப்படியே: முதல் சில நிமிடங்கள் அந்த ஈரத்தை உலர்த்துவதிலேயே போகும்.

இனி கசப்புக்கு வருவோம். வழக்கின் மையம் அதுதான். ஸ்ப்ரவுட்டின் கசப்பில் பெரும்பங்கு குளுக்கோசினோலேட் என்னும் கந்தகச் சேர்மங்களுடையது. அவற்றுள் முக்கியமானவை சினிகிரினும் புரோகாய்ட்ரினும். கத்தி பட்டுத் திசு உடையும்போது, அதுவரை தனியே ஒதுங்கியிருந்த மைரோசினேஸ் என்னும் நொதி இவற்றோடு கலந்து காரமும் கசப்புமான புதுச் சேர்மங்களை உண்டாக்கும். பாத்திரத்துக்குப் போகும் ஸ்ப்ரவுட்டின் அடியில் ஆங்கிலேயர் போடும் சிலுவைக் கீறலும், கூடைக்குப் போகும் ஸ்ப்ரவுட்டை இரண்டாக வெட்டும் வெட்டும் இந்த வகையில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. தமிழ்ச் சமையலறைக்கு இந்த வேதியியல் புதிதன்று, பெயர் தெரியாவிட்டாலும். கடுகில் இருப்பதும் இதே சினிகிரின்தான். கடுகும் கோஸும் ஒரே குடும்பம். பச்சைக் கடுகை நீர்விட்டு அரைத்தால் மூக்கில் ஏறும். காய்ந்த எண்ணெயில் வெடிக்கவிட்டால் சாதுவாகிவிடும், ஏனெனில் சூடு நொதியை முடக்கிவிடுகிறது. கொதிநீரும் சுழல்காற்றும் ஸ்ப்ரவுட்டிடம் செய்ய முயல்வது இதைத்தான்.

நொதியை முடக்குவது ஒன்று. அதற்கு முன்பே இருக்கும் கசப்புச் சேர்மங்களை வெளியேற்றுவது வேறொன்று. இங்கேதான் வியப்பு. குளுக்கோசினோலேட்டுகள் நீரில் கரைபவை. வார்விக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 30 நிமிடம் கொதித்த ஸ்ப்ரவுட் தன் குளுக்கோசினோலேட்டில் 58 விழுக்காட்டை இழந்திருந்தது. இழந்தது பெரும்பாலும் கொதித்த நீருக்குள் போயிருந்தது. ஆவியில் வேகவைத்தபோதும் வாணலியில் வதக்கியபோதும் குறிப்பிடத்தக்க இழப்பில்லை. ஊட்டச்சத்து நிபுணர் இதைப் பார்த்துப் பாத்திரத்தைக் கண்டிப்பார், ஏனெனில் அந்தச் சேர்மங்கள் உடலுக்கு நல்லவை எனக் கருதப்படுபவை. வைட்டமின் சி-யும் கூடவே கரைந்து போகிறது. கசப்பைத் தாளாத நாக்கோ அதே எண்ணைப் பார்த்துப் பாத்திரத்தை வாழ்த்த வேண்டும். ஏர் ஃப்ரையரில் கசப்பு கரைந்து போக நீரே இல்லை. உள்ளதெல்லாம் உள்ளேயே இருக்கிறது. அது கசப்பை நீக்கவில்லை. சிவந்த மேற்புறத்தின் மணத்தாலும் எண்ணெயாலும் உப்பாலும் மூடி வைக்கிறது. எந்தப் பாத்திரத்தைக் கசப்பின் பிறப்பிடம் என்றோமோ அதுதான் கசப்பைக் கழுவும் கருவி. எந்தக் கூடையை இனிப்பின் ஊற்று என்றோமோ அதுதான் கசப்பின் காவலாளி!

அப்படியானால் இன்றைய கூடை ஸ்ப்ரவுட் ஏன் இவ்வளவு இதமாக இருக்கிறது? இங்கேதான் நாம் பங்கு பிரிக்க வேண்டிய மூன்றாம் நபர் வருகிறார்: விதை. 1960-களில் ஸ்ப்ரவுட் அறுவடைக்கு இயந்திரம் வந்தது. தண்டின் அடியிலிருந்து நுனிவரை எல்லாக் காய்களும் ஒரே நேரத்தில் முற்றும் ரகங்கள் அதற்குத் தேவைப்பட்டன. அப்படி வந்த ரகங்கள் விளைச்சலில் வென்றன, சுவையில் தோற்றன, கசப்பு கூடியது. 1990-களில் நோவார்டிஸ் நிறுவனத்தில் பணியாற்றிய டச்சு விஞ்ஞானி ஹான்ஸ் வான் டோர்ன், கசப்புக்குக் காரணம் குறிப்பாக எந்தச் சேர்மங்கள் என்று அடையாளம் கண்டார்; முன்னே சொன்ன சினிகிரினும் புரோகாய்ட்ரினும்தான் அவை. அதைக் கைக்கொண்டு டச்சு விதை நிறுவனங்கள் தங்கள் சேமிப்பில் கிடந்த பழைய ரகங்களைத் தேடி, கசப்புக் குறைந்தவற்றை இன்றைய அதிக விளைச்சல் ரகங்களோடு கலப்பினம் செய்தன. சந்தைக்கு வந்தது வேறொரு ஸ்ப்ரவுட்.

கருவியின் கதையும் அதே நாட்டில்தான் நடக்கிறது என்பது இந்த ஒப்பீட்டில் எனக்குப் பிடித்த பொருத்தம். ஃபிரெட் வான் டெர் வேய் என்ற டச்சுக்காரர் உருவாக்கிய அமைப்பைக் கொண்டு டச்சு நிறுவனமான பிலிப்ஸ் தன் ஏர் ஃப்ரையரை அறிமுகப்படுத்தியது 2010-இல், பெர்லினில் நடந்த மின்சாதனக் கண்காட்சியில். விசிறியால் சூடான காற்றைச் சுழற்றிச் சமைக்கும் யோசனை அதற்கும் மூத்தது: விமானத்தில் உறைந்த உணவைச் சூடாக்க அமெரிக்கர் வில்லியம் மேக்ஸன் 1940-களிலேயே விசிறி வைத்த அவனைச் செய்திருந்தார். விதையிலும் கருவியிலும் ஒரே போக்கைக் காணலாம். பழையதொன்றைச் சேமிப்பிலிருந்து எடுத்து, இன்றைய வசதிக்கேற்பச் சிறிதாக்கி, சீராக்கித் தந்திருக்கிறார்கள். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். கசப்பு குறைந்த விதை முன்னே வந்தது; ஏர் ஃப்ரையர் பின்னே வந்தது. மூடி வைக்க மட்டுமே தெரிந்த கருவிக்கு, மூட வேண்டிய கசப்பு அதற்குள் குறைந்துவிட்டிருந்தது. 1975-இல் ஓர் ஆங்கிலத் தாய்க்கு ஏர் ஃப்ரையர் கிடைத்திருந்தால், அவர் வீட்டுப் பிள்ளைகள் மொறுமொறுப்பான கசப்பைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலருடைய நாக்கில் இந்தக் குறிப்பிட்ட கசப்பை உணரும் ஏற்பி மற்றவர்களைவிடக் கூர்மையானது. அது மரபணு வழி வருவது. அவர்களுக்குப் பாத்திரமும் கூடையும் ஒன்றுதான்.

நாற்றத்தில் மட்டும் பாத்திரத்துக்கு வாதாட எனக்கு விருப்பமில்லை. கோஸ் வகைகள் நெடுநேரம் வெந்தால் அவற்றின் கந்தகச் சேர்மங்கள் சிதைந்து அழுகிய முட்டை வாடையைக் கிளப்பும். ஆவி அதை வீடெங்கும் சுமந்து போகும். ஏர் ஃப்ரையரும் பின்துளை வழியாகத் தன் பங்குக்கு வாடையை ஊதித்தான் தள்ளுகிறது, ஆனால் வறுத்த மணத்தோடு கலந்து. நிறத்தில் இரண்டும் சமம் எனலாம்: கொதிநீரின் முதல் ஐந்தாறு நிமிடங்களில் வரும் ஒளிர்பச்சை கூடைக்கு எட்டாது, கூடையின் பழுப்பு விளிம்பு பாத்திரத்துக்கு எட்டாது.

பாத்திரம் இத்தனை காலம் நீடித்ததற்குச் சுவையைவிட அடுப்பின் இடநெருக்கடியே காரணம் என்று தோன்றுகிறது. கிறிஸ்துமஸ் அன்று ஆங்கில வீட்டின் அவனை வான்கோழியும் உருளைக்கிழங்கும் காலையிலிருந்தே பிடித்துக்கொள்கின்றன. ஸ்ப்ரவுட்டுக்கு மிஞ்சியது மேலடுப்பு. மேலடுப்பு என்றால் கொதிநீர். வடித்த நீரைக்கூடப் பல வீடுகளில் கொட்டுவதில்லை. இறைச்சிச் சாறோடு சேர்த்துக் குழம்பாக்குவார்கள். காயிலிருந்து போன சுவை அப்படி வேறு வழியில் தட்டுக்குத் திரும்பிவிடும். ஏர் ஃப்ரையர் அந்தச் சமையலறையில் இரண்டாவது அவனாக நுழைந்தது. 2022-இல் மின்கட்டணமும் எரிவாயுக் கட்டணமும் ஏறியபோது பிரிட்டனில் அதன் விற்பனை பெருகியதற்கும் அதன் சிறிய உள்ளறையைச் சூடாக்கச் செலவு குறைவு என்ற கணக்கே காரணம். இருந்தும் எட்டுப் பேர் அமரும் மேசைக்குப் பாத்திரமே மேல். ஒரு கிலோவை அது ஒரே தடவையில் முடித்துவிடும்; நடுத்தரக் கூடைக்கு இரண்டு மூன்று ஈடு வேண்டும், கடைசி ஈடு வருவதற்குள் முதல் ஈடு தன் மொறுமொறுப்பைத் தொலைத்திருக்கும். இரண்டு பேருக்கு என்றால் கேள்வியே இல்லை, கூடைதான்.

சேர்மானங்களிலும் இரண்டும் ஒரே ஒழுங்கைக் கேட்கின்றன. தேனும் பால்சமிக் வினிகரும் கூடையில் முன்னே போனால் கருகும். எலுமிச்சைச் சாறு பாத்திரத்தில் முன்னே போனால் பச்சையைப் பழுப்பாக்கும். கூடையில் முன்னே போக வேண்டியது ஒரு தேக்கரண்டி எண்ணெய் மட்டும். அதில்லாமல் இலைகள் சிவப்பதற்குமுன் காகிதம்போல் உலர்ந்துவிடும்.

ஆங்கிலத் தோட்டக்காரர்கள் சிலர் இன்றும் பெட்ஃபோர்டு ஃபில்பாஸ்கெட் போன்ற பழைய ரகங்களை வீட்டுக் கொல்லையில் வளர்க்கிறார்கள். உறைபனி பட்டபின் பறித்தால் அவற்றில் இனிப்பு கூடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்குமுன் பறிக்க நேர்ந்த பழைய ரகத்துக்கு நான் சொல்லும் வழி இது: பாதியாக நறுக்கி, நிறைய நீரில் 3 நிமிடம் கொதிக்கவிட்டு, கசப்பில் ஒரு பங்கை நீருக்குத் தந்துவிட வேண்டும். வடித்து, துணியில் பரப்பி, ஈரம் ஒட்டாதபடி ஒற்றியெடுத்து, எண்ணெய் தடவிக் கூடையில் போட்டால், உள்ளே ஏற்கனவே வெந்திருப்பதால் 190 டிகிரியில் 8 நிமிடம் போதும். கடையில் வாங்கிய இன்றைய ரகத்துக்கு இந்த முதல் படி வீண்வேலை. நறுக்கியதும் நேரே கூடைக்குப் போகலாம்.