உடல் எடையும் அரசின் பிரசாரமும்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தைத் தொடங்கும்போது, மிகுதியும் நோய், குறைவும் நோய் என்னும் கருத்தையே முதலில் வைக்கின்றார். மலாயாவில் உடல் எடை குறித்து நடைபெற்ற பிரசாரத்தின் வரலாறும் இவ்விரு கூறுகளாகவே அமைந்துள்ளது. முற்பகுதியில் குறைந்த எடையைக் கூட்டவும், பிற்பகுதியில் மிகுந்த எடையைக் குறைக்கவும் அரசு முயன்றது. முன்னது எளிதாகவும் பின்னது அரிதாகவும் ஆனது ஏன் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

எடை கூட்டிய காலம்

இரண்டாம் உலகப் போருக்கு முன், கொழுத்த குழந்தையே நலமுள்ள குழந்தை என்பது பொதுக் கருத்து. குழந்தைக் காட்சிகளில் பரிசு பெற்றதும் அத்தகைய குழந்தையே. இந்த எண்ணத்தை வணிகரும் பயன்படுத்திக்கொண்டனர். சர்க்கரை மிகுந்த டின்பால் பச்சிளங் குழந்தைக்கு ஏற்றதென விளம்பரங்கள் கூறின. 1939-இல் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் உரையாற்றி, இத்தகைய பொய்ப் பிரசாரத்தால் நேரும் குழந்தை மரணத்தைக் கொலையென்றே கொள்ளவேண்டும் எனக் கண்டித்தார். உடல்நலச் செய்தியைச் சொல்லும் ஊடகமே உடலைக் கெடுக்கவும் வல்லது என்பதற்கு அவ்வுரை ஒரு சான்று.

ஜப்பானியர் ஆட்சியில் மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. தோட்டங்களில் பசியும் நோயும் மலிந்தன. போருக்குப் பின், 1946-இல், மலாயாத் திரைப்படப் பிரிவும் மலாயா வானொலியும் தோன்றின. தகவல் பகுதியின் படக்காட்சி வண்டிகள் ஜொகூரின் சிகாமட், குளுவாங், கூலாய் போன்ற வட்டாரங்களின் தோட்டங்களுக்கும் சென்றன. திடலில் வெண்திரை கட்டி, தூய்மையும் சத்துணவும் பற்றிய படங்களைக் காட்டின. 1979-இல் பள்ளிகளில் துணை உணவுத் திட்டமும், 1983-இல் பள்ளிப் பால் திட்டமும் வந்தன.

இம்முயற்சிகளுக்கு ஒரு வசதி இருந்தது. பசித்தவனை நோக்கி ‘உண்க’ என்பது அவன் விருப்பத்தோடு ஒத்துச் செல்வது. எவருடைய வாணிகத்திற்கும் அது பகையன்று. மேலும், சொல்லோடு உணவும் சேர்ந்தே வந்தது.

எடை குறைக்கும் காலம்

1991-இல் மலேசிய சுகாதார அமைச்சு நல்வாழ்க்கை முறைப் பிரசாரத்தைத் தொடங்கிற்று. ஆண்டுக்கொரு பொருள் என வகுத்து, 1996-இல் நீரிழிவு, 1997-இல் நல்லுணவு, 1998-இல் உடற்பயிற்சி என வானொலி, தொலைக்காட்சி, சுவரொட்டி ஆகியவற்றின் வழியே பரப்பிற்று. விளைவைத் தேசிய உடல்நல ஆய்வுகள் காட்டுகின்றன. வயது வந்தோரில் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர் 1996-இல் 100-க்கு 21 பேர், 2006-இல் 43, 2019-இல் 50, 2023-இல் 54. தமிழர் கவலையுறத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. 2019 ஆய்வின்படி, இந்தியரில் 100-க்கு ஏறத்தாழ 64 பேர் இந்நிலையினர். 31 பேர் நீரிழிவுடையோர்.

இதனால் பிரசாரம் வீண் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. அது இல்லாதிருந்தால் நிலை இன்னும் தாழ்ந்திருக்கலாம். ஆயினும் அதன் குறைகள் தெளிவானவை. ஓராண்டு சொல்லி மறு ஆண்டு வேறொன்றுக்குத் தாவும் செய்தி உள்ளத்தில் ஊன்றுவதில்லை. 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் வேக்ஃபீல்டும் பிறரும் வெளியிட்ட ஆய்வும், இடைவிடாது சொல்லப்படுவதும், உரிய வசதியும் சட்டமும் உடன் அமைவதுமான பிரசாரமே பயன் தரும் என்றது. இங்கோ சொல்லும் செயலும் முரண்பட்டன. சர்க்கரையைக் குறையுங்கள் என அறிவுரை கூறப்பட்ட நாட்டில், கிலோவுக்கு 34 காசாக இருந்த சர்க்கரை மானியம் 2013-இல்தான் நீக்கப்பட்டது. இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு 40 காசு வரி 2019 ஜூலையில் வந்தது. கடையில் ஆற்றித் தரும் தேத்தண்ணீரை அவ்வரி தொடவில்லை.

சிங்கப்பூர் காட்டும் எச்சரிக்கை

பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1992-இல் ஒரு திட்டம் வந்தது. எடை மிகுந்த பிள்ளைகளைத் தனியே பிரித்துப் பயிற்சி தந்தனர். கணக்கில் பருமனான பிள்ளைகள் குறைந்தனர். ஆனால் அத்திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கமான ‘டாஃப்’ என்பதைத் திருப்பிப் படித்தால் ‘ஃபாட்’, அதாவது கொழுத்தவன், என வருவதைப் பிள்ளைகளே கண்டு ஒருவரையொருவர் எள்ளினர். 2007-இல் அது கைவிடப்பட்டு, எல்லா மாணவர்க்கும் பொதுவான நலத்திட்டம் வந்தது. பிஞ்சு உள்ளம் நாணிக் குன்றுமாயின், குறைந்த எடையால் விளைந்த நன்மை எவ்வளவு என்பதை ஆசிரியர் எண்ணவேண்டும்.

வாழ்க்கை மாறியது

எல்லாவற்றினும் அடிப்படையான காரணம் தொழில் மாற்றம். பால்மரம் வெட்டியவர் விடியுமுன் எழுந்து, நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி நடந்து, நிறைந்த வாளியைச் சுமந்து, நிறுக்குமிடம் சேர்ந்தார். அவர் உண்ட பெருஞ்சோறு அவ்வுழைப்பிலே கரைந்தது. ரப்பர் அழிந்து செம்பனை வந்தது; தோட்டங்கள் துண்டாடப்பட்டன; மக்கள் மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய் எனப் பெயர்ந்து ஆலைகளில் நின்றும் அமர்ந்தும் உழைக்கலாயினர். சோற்றின் அளவும் தேத்தண்ணீரின் இனிப்பும் மாறவில்லை. நடை மட்டும் மறைந்தது. பசிக்காலத்தை அறிந்த பாட்டி, பேரனின் பருமனைச் செழிப்பென்றே மகிழ்கின்றாள். இம்மகிழ்ச்சியை ஒரு சுவரொட்டி மாற்றிவிடாது.

ஆதலின், பிரசாரம் விதை எனின், விலையும் சட்டமும் விளையாட்டிடமும் அதற்கேற்ற நிலமாகும். தமிழ்ப்பள்ளியின் சிற்றுண்டிச் சாலையில் சர்க்கரை நீரை விற்றுக்கொண்டே வகுப்பில் அளவுணவைப் போதித்தால், பிள்ளை எதனைக் கற்கும்? பாடத்தைச் சொல்லுமுன் பள்ளியின் அடுப்பைத் திருத்துதல் முதற்கடமை. பருமனான பிள்ளையைச் சுட்டாது, எல்லாப் பிள்ளைகளையும் திடலுக்கு அழைத்துச் செல்லுதல் அடுத்த கடமை. இவ்விரண்டிற்கும் அமைச்சின் ஆணையை எதிர்பார்த்திருக்க வேண்டுவதில்லை.