குளத்தங்கரை வீடும் சங்கத்தின் விதிப்புத்தகமும்

நம் சமூகத்தில் முதல் தலைமுறையாக மாதச் சம்பளம் வாங்குகிற பலர் இப்போது சென்னையிலும் கோவையிலும் வீடு தேடிக்கொண்டிருக்கிறார்கள். விளம்பரங்கள் 'லேக் வியூ' என்கின்றன. சுற்றுச்சுவர், வாசலில் காவலர், கரையோர நடைபாதை, மாதப் பராமரிப்புக் கட்டணம், உரிமையாளர் சங்கம், அந்தச் சங்கத்துக்கு ஒரு விதிப்புத்தகம். சதுர அடி விலையையும் வங்கிக் கடனையும் பத்து முறை கணக்குப் போடுகிறவர்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை. தோழர்களே, அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஏன் என்பதற்கு நம் தாமிரபரணிப் பக்கத்து வரலாறே போதும்.

திருநெல்வேலிக்கு வடக்கே மானூர் இருக்கிறது. பெரிய குளம் உள்ள ஊர். சுமார் கி.பி. 800இல், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில், அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரம்மதேய ஊர். அந்த ஊர்ச் சபை கூடித் தனக்கான விதிகளைக் கல்லில் வெட்டிவைத்தது. ஊரில் பங்கு உள்ளவர்களின் பிள்ளைகளில் ஒழுக்கமும் வேதப் படிப்பும் தரும சாஸ்திரப் பயிற்சியும் உள்ள ஒருவர்தான் அந்தப் பங்குக்காகச் சபையில் உட்காரலாம். பங்கை விலைக்கு வாங்கியவருக்கோ தானமாகவோ சீதனமாகவோ பெற்றவருக்கோ முழு உறுப்புரிமை மட்டுமே உண்டு. கால், அரை, முக்கால் உறுப்புரிமை செல்லாது. முழு உறுப்பினர் அல்லாதவர் எந்த வாரியத்திலும் இடம்பெற முடியாது. சபையில் வரும் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் 'கூடாது, கூடாது' என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்கும் அவருக்குத் துணை நிற்பவருக்கும் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஐந்து காசு அபராதம்.

பங்கு, உறுப்பினர் தகுதி, குழு, அபராதம். இன்றைய அடுக்குமாடிச் சங்கத்தின் விதிப்புத்தகத்தில் இருக்கும் நான்கும் இதில் இருக்கின்றன.

இதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 919லும் 921லும், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் வந்தன. குடவோலை முறை என்று பள்ளியில் படித்திருப்போம். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் இதைச் சொல்லித்தான் பெருமைப்பட்டார். அங்கே குளத்தைப் பார்த்துக்கொள்ளவே ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் இருந்தது. அதில் யார் இடம்பெறலாம்? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும். ஜனநாயகம் என்று கொண்டாடுகிறவர்கள் குடத்தையும் ஓலையையும் காட்டுவார்கள். ஓலையில் யார் பெயரை எழுதவே முடியாது என்பதை நாம் கேட்க வேண்டும். அடுத்த நூற்றாண்டில் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகள் 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்று தனித்தனியாகப் பெயர் சொல்லுகின்றன. வாரியம் இருந்த காலத்தில் சேரியும் இருந்தது.

இனி வேலையைப் பார்ப்போம். ஆழ்வார்குறிச்சிப் பக்கம் கடனாநதி மேற்கு மலையிலிருந்து இறங்கி, திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு சேர்கிறது. ஆற்றுத் தண்ணீர் கால்வாயில் ஓடிக் குளத்தில் நிறைந்து, மடை வழியாக வயலுக்குப் போகும். இந்த ஏற்பாட்டில் மடையைத் திறந்து அடைத்தவர், வெள்ளத்தில் இறங்கி அடைப்பைச் சரிசெய்தவர், வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சியவர் பெரும்பாலும் நம் மக்கள். மடைக்குடும்பன், நீர்ப்பாய்ச்சி என்று தென்மாவட்டங்களில் இந்த வேலைக்குப் பெயர் உண்டு. கூலி அறுவடைக் களத்தில் நெல்லாக வந்தது. தண்ணீரின் கணக்கு அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் தண்ணீர் யாருக்கு என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் அவர்களுக்கு இடம் இல்லை.

ஊரே கூடிக் குளத்தைச் செப்பனிட்டது என்று குடிமராமத்தைப் பற்றி இன்று இனிமையாகப் பேசுகிறார்கள். 1858இல் ஆங்கில அரசு சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தது. கரை உடையும் ஆபத்து வந்தால் ஊரில் உடல் வலுவுள்ள 'உழைக்கும் வகுப்பு' ஆண்கள் வேலைக்கு வர வேண்டும் என்றது அந்தச் சட்டம். வகுப்பைச் சட்டமே பிரித்துச் சொல்லிவிட்டது. அதே கணக்கு இப்போதும் தொடர்கிறது. 2000ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டப்படி பாசனச் சங்கத்தில் உறுப்பினராக நிலம் வேண்டும். குளத்தை நம்பிக் கூலிவேலை செய்யும் நிலமற்ற குடும்பத்துக்கு அங்கே வாக்கு இல்லை.

சங்கக் கட்டணத்துக்கும் நம் ஊரில் ஒரு பழைய வடிவம் உண்டு. அதுதான் தலைக்கட்டு வரி. கொடை விழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள். வரி கொடுத்தவர் ஊர்க்காரர். அவருக்கு மரியாதை உண்டு, கூட்டத்தில் பேச்சு உண்டு. சேரியிலிருந்து வரி வாங்குவதில்லை. சாதி மீறிக் கல்யாணம் செய்த குடும்பத்தை ஒதுக்கவும் முதலில் செய்வது வரியை வாங்க மறுப்பதுதான். கட்டணம் வாங்காமல் விட்டது சலுகை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 'நீ எங்களில் ஒருவன் இல்லை' என்று சொல்லும் முறை அது.

இந்த வேலிகளை உடைக்கத்தான் நம் முன்னோடிகள் போராடினார்கள். 1924இல் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லோருக்கும் திறந்தவை என்றது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாடில் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். 1938இல் எம்.சி. ராஜாவின் முயற்சியில் சென்னை மாகாணத்தில் சட்டமே வந்தது. பிறகு அரசியலமைப்பின் 15(2) பிரிவு, அரசு நிதியில் பராமரிக்கப்படும் அல்லது பொதுமக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்ட குளம், கிணறு, படித்துறை, சாலை எதிலும் சாதியைக் காட்டித் தடுக்கக் கூடாது என்றது.

அந்தப் பிரிவு பொதுக் குளத்தைக் காப்பாற்றும். சுற்றுச்சுவருக்குள் இருக்கும் நீச்சல் குளத்தை அப்படியே அதன்கீழ் கொண்டுவருவது எளிதல்ல. 2005இல் உச்ச நீதிமன்றம், அகமதாபாத்தின் ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் பார்சிகளை மட்டுமே உறுப்பினராக்கும் துணைவிதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. சங்கம் அமைக்கும் உரிமை அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. சிறுபான்மையினர் தம்மைக் காத்துக்கொள்ள நினைப்பது வேறு, ஆதிக்க சாதி தன் தெருவை அடைப்பது வேறு. தீர்ப்பின் நிழல் இரண்டின் மேலும் விழுகிறது. அமெரிக்காவிலும் கறுப்பின மக்களுக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதினார்கள். அத்தகைய ஒப்பந்தத்தை நீதிமன்றம் நிறைவேற்றித் தரக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்ல 1948 ஆனது. வீட்டுவசதிச் சட்டம் வர 1968 ஆனது.

நம் சங்கங்கள் பத்திரத்தில் சாதியை எழுதுவதில்லை. 'சைவம் மட்டும்', 'வீட்டுவேலை செய்பவர்களுக்குத் தனி லிஃப்ட்', 'குழுவின் ஒப்புதல் பெற்றே வாடகைக்கு விடலாம்' என்று எழுதுகின்றன. அதைப் படிக்கத் தெரிய வேண்டும். சட்டமும் நம் கையில் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடிமையியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 4, எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தீண்டாமை காட்டித் தடுப்பது குற்றம் என்கிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சமூகப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியது.

விதிப்புத்தகம் என்றாலே சாதிக்குக் காவல் என்றும் முடிவுகட்ட வேண்டாம். தென்மாவட்டச் சாதிக் கலவரங்களுக்குப் பிறகு, 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீடுகளில் 40 தலித்துகளுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. எல்லோரும் கலந்து குடியிருக்க வேண்டும் என்பதே விதி. அந்த ஊர்களில் குறைகள் உண்டு, பராமரிப்பில்லாத வீடுகள் உண்டு. ஆனாலும் தெருவைக் கலப்பதற்காக ஒரு அரசு விதி எழுதியது என்பது நம் வரலாற்றில் சிறிய விஷயம் இல்லை.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் துணைவிதிகளின் நகலைக் கேளுங்கள். யார் உறுப்பினர், யாருக்கு வாக்கு? அபராதம் எதற்கு, யார் விதிப்பது? அங்கே கூட்டிப் பெருக்குகிறவர், சாக்கடை சுத்தம் செய்கிறவர், வாசலில் நிற்கிறவர் எந்த வழியாக வருகிறார், எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்? அவர்களில் பலர் நம் தெருவிலிருந்துதான் போகிறார்கள். வீடு வாங்கிக் குடியேறிய பிறகு நீங்கள் அந்தச் சங்கத்தின் முழு உறுப்பினர். மானூர்ச் சபை அபராதம் போட்ட 'கூடாது' என்ற சொல்லை அங்கே எழுந்து நின்று சொல்லுங்கள்.