எழுத ஓர் இடம்

"நாவல் எழுதலாம்தான். வீட்டில் இடம் எங்கே, ஸார்?" என்று எங்கள் கே.கே. நகர்ப் பக்கத்து இளைஞர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் பதில், தியாகராய நகரின் சரித்திரம்.

1931-ல் செகந்திராபாத்தில் பிறந்த தியாகராஜன், 1952-ல் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவில் அமர்ந்தார். பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்து ஒட்டி வைப்பது உத்தியோகம். பார்ப்பவர்களுக்கு அவர் சும்மா இருப்பதாகவே தோன்றியது. ஆனால் முதலாளி முதல் எடுபிடிப் பையன் வரை எல்லோரும் அவர் கண் முன்னால்தான் நடமாடினார்கள்.

1966-ல் வேலையை விட்டார். மாதச் சம்பளம் நின்றது. பார்த்தவை மனத்தில் நின்றன. அவையே 1960-களின் பிற்பகுதியில் 'தீபம்' பத்திரிகையில் 'கரைந்த நிழல்கள்' என்ற நாவலாக வெளிவந்தன. எழுதியவர் பெயர் அசோகமித்திரன். அந்த நாவலில் நட்சத்திரங்களின் ஜொலிப்பைவிட, படப்பிடிப்புக்காக அலைகிறவர்களின் பாடுதான் பெரிது.

அவர் எங்கே எழுதினார் என்கிறீர்களா? டாக்டர் நடேச முதலியாரின் பெயர் தாங்கிய நடேசன் பூங்காவில் உட்கார்ந்து பல காலம் எழுதியவர் அவர். தனி அறை இருந்தால் சௌகரியம், மறுக்கவில்லை. ஆனால் பதினான்கு வருஷம் பார்த்தது உள்ளே கிடந்து உறுத்தியதே, அதை எந்த அறையும் கொடுத்திருக்காது.