பிரதமரை யார் வீட்டுக்கு அனுப்புவது? காங்கோ பற்றி ஒரு குறிப்பு

காங்கோ ஜனநாயகக் குடியரசின் அரசமைப்பு, மேலோட்டமாகப் பார்த்தால் எளிதுதான். ஜனாதிபதியை மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 500 இடங்கள் உள்ள தேசிய சபையில் யாருக்குப் பெரும்பான்மையோ அந்தத் தரப்பிலிருந்து பிரதமர். ஆனால் இந்த இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே அந்த நாடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

1960 மே மாதம், சுதந்திரத்துக்கு ஆறு வாரம் முன்னால், பெல்ஜிய நாடாளுமன்றம் காங்கோவுக்கென்று ஓர் அடிப்படைச் சட்டம் போட்டுக்கொடுத்தது. அதன் 22ஆம் பிரிவுப்படி, பிரதமரை நியமிப்பதும் நீக்குவதும் நாட்டின் தலைவர். பெல்ஜியத்து ஏற்பாட்டின் சாயல் இது. அங்கே ராஜா அந்த அதிகாரத்தை இஷ்டத்துக்கு எடுத்து வீசமாட்டார். அது நாள்பட்ட வழக்கம். சட்டத்தைக் கப்பலேற்றி அனுப்பலாம், வழக்கத்தை அனுப்ப முடியுமா?

அதே ஆண்டு செப்டம்பர் 5. ஜனாதிபதி கசவுபு வானொலியில் பேசி, பிரதமர் லுமும்பாவை நீக்கினார். அன்றிரவே லுமும்பாவும் வானொலியில் வந்து, கசவுபுவை நீக்கிவிட்டதாக அறிவித்தார்! கீழவையோ இரண்டுமே செல்லாது என்றது. 14ஆம் தேதி ராணுவத்தின் மொபுட்டு இருவரையும் ஓரங்கட்டினார். 1961 ஜனவரி 17 அன்று லுமும்பா கொல்லப்பட்டார்.

பாடம் படித்தார்களா என்றால், இல்லை. 1965 அக்டோபரில் கசவுபு இன்னொரு பிரதமரை, சொம்பேவை நீக்கினார். அடுத்து அவர் நியமித்த கிம்பாவை நாடாளுமன்றம் ஏற்கவில்லை. இழுபறிக்கு நடுவே நவம்பர் 24 அன்று மொபுட்டு ஆட்சியைப் பிடித்தார். அவர் இறங்கியது 1997இல்தான். அடுத்த ஆண்டே பிரதமர் பதவியைத் தூக்கிவிட்டார். அதிகாரம் முழுக்க ஒரே கையில்.

2006 அரசமைப்பின் 78ஆம் பிரிவைப் படிக்கும்போது இந்தப் பழைய கதையெல்லாம் நினைவுக்கு வரும். பெரும்பான்மைத் தரப்பிலிருந்து பிரதமரை ஜனாதிபதி நியமிக்கலாம். ஆனால் பிரதமர் தன் அரசின் ராஜினாமாவைக் கொடுத்தால்தான் அவரது பதவியை முடித்துவைக்க முடியும். தானாக நீக்கமுடியாது.

2019இல் இதற்குச் சோதனை வந்தது. ஜனாதிபதி சிசெகெடி, சபையில் பெரும்பான்மையோ முன்னாள் ஜனாதிபதி கபிலாவின் கூட்டணிக்கு. அவர்கள் தரப்பு இலுங்காதான் பிரதமர். ரெண்டு வருஷம் உரசல். கடைசியில் கபிலா தரப்பு உறுப்பினர்கள் பலர் அணி மாற, 2021 ஜனவரியில் சபை நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றியது; இலுங்கா ராஜினாமா செய்தார். எப்படி அணி மாறினார்கள் என்பது தனிக்கதை. ஆனால் இந்தமுறை கணக்கைச் சபைக்குள்ளேயே எண்ணி முடித்தார்கள். ராணுவம் முகாமை விட்டு வரவில்லை.