நாய்களின் வயிற்று உப்புசம்
இரைப்பையில் காற்று நிறைந்து, சில வேளை அது முறுக்கிக்கொள்ளும் ஆபத்தான நிலை. கிரேட் டேன், அல்சேஷன், டோபர்மன் போன்ற நெஞ்சாழமுள்ள பெரிய நாய்களில் அதிகம். ஓங்காளித்தும் வாந்தி வராதது முதன்மை அறிகுறி. எச்சில் வடியும், நாய் நிலைகொள்ளாது அலையும், வயிறு மத்தளம்போல ஒலிக்கும். வீக்கம் விலாக்கூட்டுக்குள் மறைந்து, வெளியே தெரியாமலும் போகலாம். முரசு வெளிறினால் இரத்தவோட்டம் குன்றிவிட்டது.

மிருக வைத்தியர் சேலைன் ஏற்றி, குழாயாலோ ஊசியாலோ காற்றை வெளியேற்றுவார். முறுக்கியிருந்தால் சத்திரசிகிச்சைதான், இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைக்காவிட்டால் மீண்டும் முறுக்கக்கூடும். ஓமத்தண்ணீர் புகட்டிக் காத்திருப்பது உயிரைப் பறிக்கும் தாமதம்.

முந்தலிலிருந்து புத்தளத்துக்கோ சிலாபத்துக்கோ வைத்தியரிடம் போகும் நேரமும் இந்தத் தாமதத்தோடு சேரும். சில மணிநேரத்தில் உயிர் போய்விடும். ஓங்காளம் கண்டதுமே வைத்தியருக்கு அழைப்பெடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.