3 செட், 10 ரெப்: ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் பிறந்த கணக்கு



சில மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை. ஓ.பி-யில் நல்ல கூட்டம். 22 வயது தம்பி ஒருவர் இரண்டு கைகளையும் மடக்க முடியாமல், யாரோ கட்டி வைத்தது போல விறைப்பாக நீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கூட அவருடைய அம்மா.

"என்னப்பா ஆச்சு?"

"சார், சனிக்கிழமை ஜிம்ல சேர்ந்தேன். நேத்துல இருந்து கை வலி. முதல் நாள் அப்படித்தான் இருக்கும்னு சொன்னாங்க, அதனால விட்டுட்டேன். ஆனா இன்னைக்குக் காலைல யூரின் கட்டங்காப்பி கலர்ல போச்சு சார்."

அம்மா பதறிப்போய், "மஞ்சக்காமாலையா டாக்டர்?" என்று கேட்டார்.

மஞ்சள் காமாலை இல்லை. சிறுநீரை ஸ்ட்ரிப்பில் தொட்டுப் பார்த்தால் ரத்தம் இருப்பதாகக் காட்டியது. அதே சிறுநீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரு ரத்த அணு கூட இல்லை. தசை சேதத்தைக் காட்டும் சி.பி.கே என்ற ரத்தப் பரிசோதனை சாதாரணமாக 200-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அவருக்கு 40,000-ஐத் தாண்டியிருந்தது.

அவர் பிழைத்தாரா, கிட்னி தப்பியதா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், அவர் என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்கு வருவோம். நீங்களும் கேட்கும் கேள்விதான் அது.

"எல்லாரும் 3 செட், 10 ரெப் தானே சார் பண்றாங்க? நானும் அதைத்தானே பண்ணேன்?"

இந்த 3 செட், 10 ரெப் எங்கிருந்து வந்தது தெரியுமா? பாடிபில்டர் யாரும் கண்டுபிடித்ததில்லை. அது எங்களைப் போன்ற ஒரு மருத்துவர், ஆஸ்பத்திரி வார்டில், நோயாளிகளுக்காக எழுதிய மருந்துச் சீட்டு.

காலம்: இரண்டாம் உலகப்போரின் கடைசி ஆண்டுகள்.
இடம்: அமெரிக்காவின் சிகாகோ நகரில் உள்ள கார்டினர் ராணுவ மருத்துவமனை.

போரில் தொடை எலும்பு முறிந்தவர்கள், மூட்டு ஜவ்வு கிழிந்தவர்கள் என வார்டு நிரம்பி வழிந்தது. எலும்பு கூடிவிடும். ஆனால் மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடந்த கால், குச்சி போல மெலிந்திருக்கும். கட்டைப் பிரித்த பிறகும் அந்த வீரரால் மாடிப்படி ஏற முடியாது. டிஸ்சார்ஜ் செய்யவும் முடியாது.

அன்றைய மருத்துவத்தின் வழக்கம் என்ன? பலவீனமான தசைக்குக் கனமான எடை கொடுக்கவே கூடாது. லேசான எடையை வைத்துக்கொண்டு நிறைய தடவை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதில் முன்னேற்றம் ஆமை வேகம்தான்.

அங்கே பணியாற்றிய இளம் ராணுவ மருத்துவர் தாமஸ் டெலார்ம். அவருக்கு ஒரு முன்கதை உண்டு. பதின்ம வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். "இனி கடினமான வேலை எதுவும் செய்யாதே, இதயம் தாங்காது" என்று அறிவுரை சொல்லப்பட்டவர். படுக்கையில் கிடந்தபடியே பளுதூக்கும் பத்திரிகைகளைப் படித்தார். எழுந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கித் தன் உடம்பைத் தேற்றிக்கொண்டார்.

(இதைப் படித்துவிட்டு இதய வால்வு பாதிப்பு உள்ளவர்கள் நேராக ஜிம்முக்குப் போய்விடாதீர்கள். உங்கள் இதய மருத்துவரிடம் கேட்ட பிறகுதான் எதுவும்.)

தன் உடம்பில் பார்த்ததை டெலார்ம் வார்டில் செய்து பார்த்தார். காலில் மாட்டும் இரும்புச் செருப்பு ஒன்று. அதில் எடைத் தட்டுகளைக் கோர்க்கலாம். மேசை விளிம்பில் உட்கார்ந்து முழங்காலை நீட்டி மடக்க வேண்டும். இன்று ஜிம்மில் நீங்கள் பார்க்கும் 'லெக் எக்ஸ்டென்ஷன்' மிஷினின் கொள்ளுத்தாத்தா அதுதான்.

பலன் எதிர்பார்த்ததை விட நன்றாகவே இருந்தது. மெலிந்த தொடைகள் தேறின. 1945-இல் எலும்பு மருத்துவ இதழ் ஒன்றில் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். அப்போது அவர் சொன்ன கணக்கு 7 முதல் 10 செட். அதாவது ஒரு நாளைக்கு 70 முதல் 100 தடவை.

பிறகு பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஆர்தர் வாட்கின்ஸுடன் சேர்ந்து 1948-இல் இன்னொரு கட்டுரை எழுதினார். அதில் தன் கணக்கைத் தானே திருத்திக்கொண்டார். அவ்வளவு தேவையில்லை, 20 முதல் 30 தடவையே போதும் என்றார்.

அங்கே பிறந்ததுதான் இந்த 3 செட், 10 ரெப்.

இப்போது கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். நாம் தவறவிட்ட விஷயம் இங்கேதான் இருக்கிறது.

ஒருவரால் சரியாக 10 தடவை மட்டும் தூக்க முடிகிற எடை 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டெலார்ம் சொன்னது இது:

முதல் செட்: அதில் பாதி. அதாவது 10 கிலோ, 10 தடவை.
இரண்டாம் செட்: முக்கால் பங்கு. 15 கிலோ, 10 தடவை.
மூன்றாம் செட்: முழு எடை. 20 கிலோ, 10 தடவை.

அவ்வளவுதான். முழு எடையைத் தூக்குவது ஒரே ஒரு செட். முதல் இரண்டும் தசையைத் தயார் செய்ய. வாரம் ஒரு முறை சோதித்துப் பார்த்து, பலம் கூடியிருந்தால் மட்டும் எடையைக் கூட்ட வேண்டும்.

அவர் முதலில் இந்த முறைக்கு வைத்த பெயர் 'கனமான எதிர்ப்புப் பயிற்சி'. பிறகு அதை 'படிப்படியாகக் கூட்டும் எதிர்ப்புப் பயிற்சி' என்று மாற்றினார். இந்த முறையின் உயிர் கனத்தில் இல்லை, படிப்படியாக என்ற சொல்லில்தான் இருக்கிறது. போலியோவால் கால் பலவீனமானவர்களுக்கும் இதே முறை கொடுக்கப்பட்டது.

சரி, நம் தம்பி என்ன செய்தார்? முதல் நாளே பைசெப்ஸுக்கு ஐந்து விதமான பயிற்சி. ஒவ்வொன்றும் 3 செட். எல்லா செட்டும் முழு எடை. கை தூக்க முடியாமல் போன பிறகும் பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள, "இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு" என்று இழுத்திருக்கிறார்கள்.

3-ம் 10-ம் அவருக்கு வந்து சேர்ந்தன. 'படிப்படியாக' என்பது வழியிலேயே தொலைந்துவிட்டது.

அடுத்த கேள்வி. "வலி இருந்தாதானே சார் பயிற்சி சரியா நடந்ததுன்னு அர்த்தம்? லாக்டிக் ஆசிட் சேருதுல்ல?"

இதற்கும் ஒரு கதை உண்டு.

தசை வேலை செய்யும்போது லாக்டிக் அமிலம் எப்படி உருவாகிறது, எப்படி மறைகிறது என்று ஆராய்ந்தவர்கள் ஆர்ச்சிபால்ட் ஹில், ஆட்டோ மேயர்ஹாஃப். 1922-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது. அதன் பிறகு தசையில் எந்த வலி வந்தாலும் பழி லாக்டிக் அமிலத்தின் தலையில் விழுந்தது.

ஆனால் அதற்கு 20 வருடம் முன்பே, 1902-இல், தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர் விரல் தசைகளை வைத்துச் சோதனை செய்து, மறுநாள் வரும் வலிக்குக் காரணம் தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசலாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்.

1983-இல் அமெரிக்காவில் ஓர் எளிய சோதனை. சிலரைச் சமதளத்தில் ஓடவிட்டார்கள், இறக்கத்திலும் ஓடவிட்டார்கள். சமதள ஓட்டத்தில் லாக்டிக் அமிலம் நன்றாக ஏறியது, மறுநாள் வலி இல்லை. இறக்க ஓட்டத்தில் அமிலம் ஏறவில்லை, ஆனால் மறுநாள் பயங்கர வலி!

லாக்டிக் அமிலம் பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். நீங்கள் உணரும் வலியோ 24 முதல் 72 மணி நேரத்தில்தான் உச்சத்துக்குப் போகிறது. தசை நீண்டபடியே எடையைத் தாங்கும்போதுதான், அதாவது எடையைக் கீழே இறக்கும்போதுதான், அதிகச் சேதம். மலைக்கோயிலில் ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கி வந்த மறுநாள்தான் தொடை பிடித்துக்கொள்ளும் இல்லையா? அதே கதைதான்.

ஆக, லேசான வலி புதுப் பயிற்சியின் அடையாளம். அது உங்கள் உழைப்புக்கான மார்க் ஷீட் இல்லை. தொடர்ந்து செய்யும்போது வலி குறையும், பலம் கூடிக்கொண்டே போகும்.

சரி, அந்த கட்டங்காப்பி கலர் எங்கிருந்து வந்தது?

அதற்கு நாம் லண்டனுக்குப் போக வேண்டும். 1940-இல் ஜெர்மன் விமானங்கள் இரவு இரவாகக் குண்டு போட்டன. இடிந்த வீடுகளுக்கு அடியில் பல மணி நேரம் கை கால் நசுங்கிக் கிடந்தவர்களை மீட்டார்கள். மீட்கும்போது சிலர் நன்றாகவே இருந்தார்கள். பிறகு கால் வீங்கியது. சிறுநீர் கறுத்தது, குறைந்தது. சில நாட்களில் இறந்தார்கள்.

பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் இப்படிப்பட்ட நான்கு பேரைப் பற்றி 1941-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். நால்வருமே பிழைக்கவில்லை. இறந்தவர்களின் கிட்னிக் குழாய்களில் பழுப்பு நிற அடைப்பு. பிறகு தெரிய வந்தது, அது மயோகுளோபின். நசுங்கிய தசையிலிருந்து ரத்தத்தில் கசிந்த நிறமிப் புரதம்.

அன்று அவர்களைக் காப்பாற்ற டயாலிசிஸ் கிடையாது. நெதர்லாந்தில் வில்லெம் கால்ஃப் செய்த செயற்கைக் கிட்னியால் முதல் உயிர் பிழைத்ததே 1945-இல்தான்.

கட்டிடம் இடிந்து விழுந்தாலும் சரி, பழக்கமில்லாத உடம்பில் அளவு மீறி எடை தூக்கினாலும் சரி, உடைகிற தசைக்குக் காரணம் தெரியாது. கசிவது அதே மயோகுளோபின். அடைபடுவது அதே கிட்னி. இதை 'ராப்டோமயோலிசிஸ்' என்கிறோம். ஜிம்முக்குப் போகிற எல்லோருக்கும் இது வராது, பயப்பட வேண்டாம். ஆனால் வந்தால் விளையாட்டு இல்லை.

நம் தம்பிக்கு வருவோம். அன்றே அட்மிஷன் போட்டோம். நரம்பு வழியாக லிட்டர் கணக்கில் சலைன். மணிக்கு மணி சிறுநீர் அளவு, தினமும் கிரியாட்டினின், பொட்டாசியம். மூன்றாம் நாள் சிறுநீர் தெளிந்தது. டயாலிசிஸ் தேவைப்படவில்லை. ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போனார்.

அவர் தப்பியதற்குக் காரணம் நாங்கள் செய்த வைத்தியம் பாதிதான். சிறுநீர் நிறம் மாறிய அன்றே அவர் வந்ததுதான் மீதிப் பாதி. வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் தள்ளியிருந்தால், அந்த மாத்திரையும் சேர்ந்து கிட்னியை அடித்திருக்கும்.

ஆகவே மக்களே, நினைவில் வைக்க வேண்டியவை:

1. முதல் இரண்டு வாரம் உங்களால் முடிந்ததில் பாதி மட்டும். "இன்னும் செய்யலாம் போலிருக்கே" என்ற நிலையில் நிறுத்துங்கள்.

2. எடையை இறக்குவதும் பயிற்சிதான். தொப்பென்று போடாமல் நிதானமாக இறக்குங்கள். அப்படி முடியவில்லை என்றால் அந்த எடை உங்களுக்கு அதிகம்.

3. கடுமையாக வேலை வாங்கிய தசைக்கு 48 மணி நேரமாவது ஓய்வு. உலக சுகாதார நிறுவனம் கேட்பதே வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சிதான்.

4. வெயிலில், காய்ச்சலில், தண்ணீர் குடிக்காமல், முந்தைய இரவு மது அருந்திவிட்டுக் கடும் பயிற்சி வேண்டாம். கொலஸ்ட்ரால் மாத்திரை எடுப்பவர்கள் பயிற்சி தொடங்கும் முன் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

5. கை கால் வீங்கி மடக்க முடியாத வலி, சிறுநீர் கறுப்பாகவோ பழுப்பாகவோ போவது, சிறுநீர் குறைவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. மறுநாள் என்ற பேச்சே வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு, "அப்போ ஜிம்மே வேண்டாம்பா" என்று யாராவது முடிவெடுத்தால் நான் எழுதியது வீண்.

1990-இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையுள்ள 10 பேருக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். எட்டே வாரம். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதில் இரண்டு பேர் ஊன்றுகோல் இல்லாமல் நடந்தார்கள். அதே டெலார்ம் சொன்ன வழிதான். அளந்து, படிப்படியாக, பக்கத்தில் ஆள் இருந்து பார்த்துக்கொண்டு.

டிஸ்சார்ஜ் அன்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். "இனிமே இவன் ஜிம் பக்கமே போகக்கூடாதுன்னு நீங்களே சொல்லுங்க டாக்டர்."

நான் சொன்னது: "சில வாரம் ஓய்வு. ரத்தப் பரிசோதனை நார்மல் ஆனதும் போகட்டும்மா. ஆனா வெறும் கம்பியில இருந்து ஆரம்பிக்கட்டும்."

நேரம் கிடைத்தால் நீங்களும் கூடப் போங்கம்மா என்றேன். சிரித்தார். நான் நிஜமாகத்தான் சொன்னேன்.

உங்கள் வீட்டில் இந்த மாதம் புதிதாக ஜிம்மில் சேர்ந்த தம்பி, தங்கை யாராவது இருந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள். ஐந்தாவது பாயிண்டை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள்.