விடுமுறைப் பட்டியலில் இல்லாத நாள்கள்

ஜூன் மாத இறுதியில் பாங்காக்கில் நடைபெறும் ஒரு கருத்தரங்கிற்குச் செல்லவிருக்கும் அசாமியத் தோழி, சென்ற வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "அந்த நாள்களில் அங்கே ஏதேனும் பொது விடுமுறை வருமா? நூலகங்கள் திறந்திருக்குமா?" குவாஹாட்டியில் இருந்துகொண்டு தை மொழிகளில் புகுந்த இந்தியக் கடன்சொற்களை ஆராய்பவர்களிடம் இத்தகைய கேள்விகள் வருவது இயல்பு. (தாய்லாந்தின் மொழியைத் 'தாய்மொழி' என்று எழுதினால் தமிழில் நேரும் விபத்தை நண்பர்கள் அறிவர். எனவே மொழிக்குடும்பத்தைத் 'தை' என்றே எழுதுகிறேன். அது ஒரு மாதப் பெயராகவும் அமைந்துவிட்டது இக்கட்டுரைக்குப் பொருத்தமே.) பட்டியலைப் பார்த்து உடனே பதில் அனுப்பினேன். ஜூன் 3 அரசியின் பிறந்தநாள், அதன்பின் ஜூலை வரை ஒன்றுமில்லை, நூலகங்கள் திறந்திருக்கும்.

பதில் சரியானதுதான். ஆயினும் ஜூன் 24 சாதாரண வேலைநாள் என்று எழுதியபோது விரல் சற்றுத் தயங்கியது. சுமார் இருபது ஆண்டுகள் அந்நாடு தன் தேசிய நாளாகக் கொண்டாடிய தேதி அது. பயணிகளுக்காக அச்சிடப்படும் விடுமுறைப் பட்டியல், வங்கி எப்போது மூடியிருக்கும், மது எப்போது கிடைக்காது என்பதைச் சொல்லும் கையேடு மட்டுமன்று. காலத்தின்மீது யாருக்கு அதிகாரம் இருந்தது என்பதற்கான ஆவணமும் ஆகும். அந்த ஆவணத்தில் எழுதப்பட்ட நாள்களைவிட அடிக்கப்பட்ட நாள்களே வரலாற்று மாணவருக்கு அதிகம் சொல்கின்றன என்பது என் துணிபு.

எல்லோரும் அறிந்த சொங்க்ரானிலிருந்தே தொடங்கலாம். ஏப்ரல் 13, 14, 15 ஆகிய மூன்று நாள்கள் விடுமுறை. 2023 டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலிலும் இவ்விழா இடம்பெற்றது. சொல் 'சங்கிராந்தி'யின் தாய்லாந்து வடிவம். ஞாயிறு மேஷ ராசிக்குள் புகும் நாளைக் குறிப்பது. தமிழர், வங்காளியர், ஒடியர், பஞ்சாபியர் எல்லோரும் ஏறத்தாழ அதே நாளில் புத்தாண்டு கொண்டாடுவது ஒரே கணக்கின் விளைவு. அசாமில் நாம்ஃபாகே என்னும் சிற்றூரில் தை ஃபாகே மக்களும், அருணாசலத்தில் காம்தி மக்களும் 'சங்கென்' என்ற பெயரில் புத்தர் திருமேனிகளை நீராட்டி, ஒருவர்மேல் ஒருவர் நீர் ஊற்றி மகிழ்வதைக் காண பாங்காக்குக்குச் செல்ல வேண்டியதில்லை.

ஆனால் பயணநூல்கள் சொங்க்ரானைத் 'தாய்லாந்துப் புத்தாண்டு' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகின்றன. அங்கே ஆண்டுப் பிறப்பு ஒரிடத்தில் நின்றதில்லை. பழைய சந்திரக் கணக்கில் முதல் மாதத்தில் பிறந்த ஆண்டு, பின்னர் ஐந்தாம் மாதத்திற்கு, அதாவது சொங்க்ரான் காலத்திற்கு நகர்ந்தது. 1889இல் சுலாலொங்கொன் மன்னர் ஞாயிற்று நாட்காட்டியை ஏற்று, ஏப்ரல் 1ஐ ஆண்டின் முதல் நாளாக நிறுவினார். அந்நாட்காட்டிக்கு மாதப் பெயர்கள் ஆக்கியவர் வெளியுறவு அமைச்சரான இளவரசர் தேவவோங்ஸ். மொழியியல் மாணவருக்கு அவர் செய்த வேலை ஒரு விருந்து. ராசிப் பெயர்களை எடுத்துக்கொண்டு, 31 நாள் மாதங்களுக்கு 'ஆகம' என்பதன் வடிவமான 'கொம்' விகுதியையும், 30 நாள் மாதங்களுக்கு 'யொன்' விகுதியையும் சேர்த்தார். பிப்ரவரிக்கு மட்டும் தனியாக 'பன்'. ஏப்ரல் மேசாயொன், ஆகஸ்ட் சிங்ஹாகொம், ஜனவரி மகராகொம், பிப்ரவரி கும்பாபன். எத்தனை நாள் என்று விரல்முட்டிகளை எண்ண வேண்டியதில்லை. பெயரின் வாலைப் பார்த்தாலே போதும். தமிழ் படித்தவர் எவரும் பன்னிரண்டு பெயர்களில் பெரும்பாலானவற்றை முதல்முறையிலேயே இனங்கண்டுகொள்வர். மேஷம் முதலாகத் தொடங்கிய ஆண்டு என்பதால் அமைப்பும் நம் சித்திரை முறையோடு ஒத்தே இருந்தது.

1913இல் ஆறாம் ராமா மன்னர் காலத்தில் புத்த ஆண்டு அலுவல் ஆண்டாயிற்று. பிரதமர் பிபூன்சொங்க்ராமின் அரசு, 1941ஆம் ஆண்டு முதல் ஜனவரி 1ஐ ஆண்டுப் பிறப்பாக்கியது. விளைவாக, புத்த ஆண்டு 2483 ஒன்பதே மாதங்களுடன் முடிந்துபோனது. அது 1940 ஏப்ரல் 1இல் பிறந்து டிசம்பர் 31இல் மறைந்தது. அந்த ஆண்டின் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்கள் எந்த ஆவணக்காப்பகத்திலும் கிடைக்கமாட்டா; ஏனெனில் அவை நிகழவேயில்லை.

இது வெறும் விந்தைச் செய்தி அன்று. புத்த ஆண்டிலிருந்து 543ஐக் கழித்தால் பொது ஆண்டு வரும் என்றுதான் நாம் எல்லோரும் கற்கிறோம். பிரஜாதிபொக் மன்னர் அரியணை துறந்த நாள் அக்கால ஆவணங்களில் 2477 மார்ச் 2. கழித்துப் பாருங்கள், 1934 வரும். நிகழ்ந்ததோ 1935 மார்ச்சில். ஏப்ரலில் ஆண்டு பிறந்தமையால் அந்த மார்ச், 2477இன் கடைசி மாதம். நான் என் முதல் ஆண்டு ஆய்வறிக்கையில் இப்பிழையை மூன்று இடங்களில் செய்திருந்தேன். நெறியாளர் கண்ணிலும் படவில்லை. பிறகு, ஒரு மடலுக்கு எழுதப்பட்ட பதில் அம்மடலுக்கு முந்தைய தேதியில் இருப்பதைக் கண்டபோதுதான் விழித்துக்கொண்டேன்.

இனி ஜூன் 24க்கு வருவோம். 1932ஆம் ஆண்டு அந்நாளில் மக்கள் கட்சியினர் முழுமுடியாட்சிக்கு முடிவு கட்டினர். 1938இல் அமைச்சரவை அந்நாளைத் தேசிய நாளாக அறிவித்தது. 1939இல் முதல்முறை கொண்டாடினர். சியாம் 'தாய்லாந்து' எனப் பெயர் மாற்றப்பட்டதும் 1939இன் அதே நாளில்தான். மறு ஆண்டு, 1940 ஜூன் 24 அன்று, பாங்காக்கின் ராஜதம்னொன் சாலை நடுவே மக்களாட்சி நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. அதன் சிற்பங்களை உருவாக்கியவர் இத்தாலியில் பிறந்து சியாமுக்கு வந்த கொராதோ ஃபெரோச்சி.

அந்நினைவுச்சின்னத்தை ஒரு கல்வெட்டைப் போல் வாசிக்கலாம். சிறகு வடிவான நான்கு தூண்களின் உயரம் 24 மீட்டர், அது நாள். சுற்றிப் பாதி புதைந்து நிற்கும் பீரங்கிகள் 75. அது 2475ஆம் ஆண்டு. நடுவே அரசியலமைப்புச் சட்டம் வீற்றிருக்கும் தாம்பாளத்தின் உயரம் 3 மீட்டர், அது மாதம். ஜூன் எப்படி மூன்றாம் மாதமாகும்? ஏப்ரலில் ஆண்டு பிறந்த காலத்தில் அது மூன்றாம் மாதமே. திறப்புவிழா முடிந்து ஏழு மாதங்களுக்குள், அதே அரசு ஆண்டுப் பிறப்பை ஜனவரிக்கு மாற்றித் தான் எழுப்பிய சின்னத்தின் ஓர் எண்ணைப் புரியாததாக்கிவிட்டது. பயணிகள் அதன் முன் நின்று படமெடுத்துக்கொள்கின்றனர். அது ஒரு தேதி என்று அவர்களின் கையேடு சொல்வதில்லை.

1960இல் சரித் தனரத்தின் இராணுவ அரசு தேசிய நாளை மன்னர் பூமிபோலின் பிறந்தநாளான டிசம்பர் 5க்கு மாற்றியது. ஜூன் 24 விடுமுறைப் பட்டியலிலிருந்தும் நீங்கியது. டிசம்பர் 10 மட்டும் அரசியலமைப்பு நாளாக இன்றளவும் நிற்கிறது. 1932இல் அந்நாளில் மன்னர் அரசியலமைப்பை 'வழங்கினார்' என்று அந்நாளின் கதையைச் சொல்ல முடிகிறது. ஜூன் 24இன் கதையை அவ்வாறு சொல்ல இயலாது. ஒன்று நிலைத்ததற்கும் மற்றது நீங்கியதற்கும் இந்த வினைச்சொல்லே காரணம் என்று நான் கருதுகிறேன். அரண்மனைச் சதுக்கத்தின் தார்ச்சாலையில் புரட்சி நடந்த இடத்தைக் குறித்துப் பதிக்கப்பட்டிருந்த சிறு பித்தளைப் பட்டயமும் 2017 ஏப்ரலில் காணாமற்போய், அவ்விடத்தில் வேறு வாசகம் தாங்கிய பட்டயம் முளைத்திருந்தது.

அதே 1960இல் இன்னொரு நாள் திரும்பி வந்தது. அரச ஏர்பூட்டு விழா 1936இல் நிறுத்தப்பட்டிருந்தது. அரண்மனைப் பிராமணர்கள் நாள் குறிக்க, மே மாதத்தில் சனாம் லுவாங் திடலில் காளைகள் உழுது, பின் தம் முன் வைக்கப்பட்ட நெல், சோளம், எள், புல், மது முதலியவற்றில் எதை உண்கின்றன என்பதைக் கொண்டு அவ்வாண்டின் விளைச்சலைக் கணிப்பர். இன்று அது அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை, வங்கிகளுக்கு இல்லை. தேதி ஆண்டுதோறும் அறிவிக்கப்படுவதால் பயணிகளின் பட்டியலில் பெரும்பாலும் பிழையாகவே இருக்கும். மக்களாட்சியின் நாள் போன ஆண்டிலேயே மன்னராட்சிச் சடங்கின் நாள் வந்ததைத் தற்செயல் என்று என்னால் கடந்துபோக இயலவில்லை.

பழைமை என்று தோற்றமளிப்பதையும் ஐயத்தோடு நோக்க வேண்டியுள்ளது. விசாக பூஜையின் தொன்மை மறுக்க முடியாதது. ஆனால் மாக பூஜையை அரண்மனை விழாவாகத் தொடங்கியவர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆண்ட மோங்குட் மன்னர். ஆசாள்ஹ பூஜை 1958இல்தான் நிறுவப்பட்டது. மாசி, வைகாசி, ஆடி என நம் மாதப் பெயர்களுக்கு மூலமான அதே சொற்களைத் தாங்கியிருப்பதால் இவை நமக்கு அனாதி காலத்தவையாகத் தோன்றுகின்றன. மறுபுறம், உலகமே படமெடுக்கும் லோய் க்ரதோங் பொது விடுமுறையே அன்று. பன்னிரண்டாம் மாதப் பௌர்ணமியில், மக்கள் அலுவலகம் முடித்துவிட்டு வந்துதான் விளக்கு மிதக்கவிடுகின்றனர்.

1932க்குப் பின் நின்றுபோன இரண்டு பெருஞ்சடங்குகளில் ஏர்பூட்டு திரும்பியது. மற்றொன்று திரும்பவில்லை. அதுதான் தமிழர் அறிந்த ஊஞ்சல்.

வாட் சுதாத் விகாரைக்கு முன்னால் 20 மீட்டருக்கும் உயரமாகச் செந்நிறத்தில் நிற்கும் பெரிய ஊஞ்சல் முதலாம் ராமா மன்னர் காலத்தில், 1784இல் நிறுவப்பட்டது. அருகிலுள்ள தேவஸ்தானம் என்னும் பிராமணர் கோயிலும் அதே ஆண்டினது. சந்திரக் கணக்கின் இரண்டாம் மாதத்தில், நம் மார்கழியை ஒட்டி, சிவபெருமான் பத்து நாள்கள் நிலவுலகில் தங்குவார் என்றும், அடுத்துத் திருமால் ஐந்து நாள்கள் தங்குவார் என்றும் நம்பிக்கை. இளைஞர்கள் வானளாவ ஆடி, மூங்கில் உச்சியில் கட்டிய காசுப்பையைப் பல்லால் கவ்வி எடுப்பர். ஊஞ்சலாட்டம் 1935இல் நிறுத்தப்பட்டது. இன்று நிற்பவை 2007இல் புதிதாக நாட்டிய தேக்கு மரங்கள். அவற்றில் பலகை இல்லை. வழிபாடு மட்டும் கோயிலுக்குள் தொடர்கிறது.

அதன் பெயர் த்ரியம்பவாய்–த்ரிபவாய். திருவெம்பாவை, திருப்பாவை என்பவற்றின் திரிபு இது என்பதில் ஆய்வாளரிடையே பெரிய கருத்துவேறுபாடு இல்லை. க்வாரிட்ச் வேல்ஸ் 1931இல் வெளியிட்ட சியாமிய அரசச் சடங்குகள் பற்றிய நூலில் இச்சடங்கை விரிவாகப் பதிவுசெய்தார். பாங்காக்கின் கிரந்தச் சுவடிகளை ஜான் மார் ஆராய்ந்து எழுதினார். அச்சுவடிகளில் தமிழ்ப் பாடல்கள் ஓதுவோருக்குப் பொருள் விளங்காத மந்திர ஒலிகளாக உறைந்துள்ளன. என் பங்குக்கு ஒரு சிறு ஊகம். 'திரு' என்பது வடமொழி 'த்ரி'யாகக் கேட்கப்பட்டிருக்கிறது. மூன்று என்ற பொருளும் ஏறியிருக்கலாம். திருவெம்பாவையின் வகரம் யகரமானது எப்படி? தமிழ்ப் புணர்ச்சியில் உகரத்தின் பின் வகர உடம்படுமெய். இகரத்தின் பின் யகர உடம்படுமெய். முதற்சொல் இகரத்தில் முடிவதாக மாறிய கணமே யகரம் தானே வந்து நிற்கும். அப்படியாயின், அத்திரிபு தமிழ் தெரிந்த வாயில் தொடங்கியிருக்க வேண்டும். சான்று கிட்டும்வரை இது ஊகமே.

மார்கழி பிறந்ததும் இந்த ஊஞ்சலின் படம், 'தாய்லாந்தின் தேசியத் திருவிழா திருவெம்பாவை' என்ற வாசகத்துடன் புலனக் குழுக்களில் சுற்றத் தொடங்கும். அது தேசியத் திருவிழாவும் அன்று, விடுமுறையும் அன்று. பாங்காக்கில் பிறந்து வளர்ந்தவர்களில் பலர் அவ்வழிபாட்டைக் கண்டதில்லை. ஒரு சிறு பிராமணக் குழுவினர், கூட்டமில்லாத கோயிலில், தமக்குப் பொருள் தெரியாத தமிழைத் தலைமுறை தலைமுறையாகப் பிழையோடு காத்துவருகின்றனர். இந்த உண்மையே போதிய வியப்பைத் தருகையில், அதன்மேல் ஒரு தேசத்தையே ஏற்றிவைப்பது எதற்கென்று விளங்கவில்லை. மிகையாகச் சொல்லும்போது நாம் இழப்பது அந்த 1935ஐ. அதாவது, ஒரு விழா ஏன் நின்றது, ஏன் திரும்பவில்லை என்று கேட்கும் வாய்ப்பை.

தோழிக்கு இவ்வளவையும் எழுதவில்லை. கருத்தரங்கின் இரண்டாம் நாள் ஜூன் 24 என்றும், மாலையில் நேரமிருந்தால் ராஜதம்னொன் சாலை வரை நடந்து பீரங்கிகளை எண்ணிப் பார்க்கலாம் என்றும் சொன்னேன். முதலில் அனுப்பிய பதிலைத் திருத்தவில்லை. நூலகங்கள் அன்று திறந்தே இருக்கும். அங்கே 1941க்கு முந்தைய ஆவணம் எதிலேனும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று கண்டால், 543க்குப் பதிலாக 542ஐக் கழிக்கும்படி மட்டும் ஒரு வரி சேர்த்தேன்.